ஸ்கோர் ஏட்டில் ஏறாத தடுப்பாட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் 1961-62 சீசனில் வில்ட் சேம்பர்லெயின் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி குவித்தார். அதற்கு முன்பும் பின்பும் வேறு எவரும் அந்தக் கணக்கை நெருங்கியதில்லை. ஆனால் அந்த வருஷம் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, ஆட்டத்துக்கு 18.9 புள்ளி எடுத்த பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் சென்டர், அதாவது கூடைக்கு அருகில் நின்று ஆடுபவர், பில் ரஸ்ஸலுக்குப் போனது. அந்த நாளில் அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் லீகின் ஆட்டக்காரர்களே. அதே சீசனில் ஊடகக்காரர்கள் தேர்ந்தெடுத்த முதல் ஐவர் அணியில் சென்டர் இடம் சேம்பர்லெயினுக்கு. ரஸ்ஸலுக்கு இரண்டாவது அணி. களத்தில் எதிரே நின்றவர்கள் ஒருவரைச் சொன்னார்கள், வெளியே இருந்து பார்த்தவர்கள் வேறொருவரைச் சொன்னார்கள். 1958இலும் 1961இலும்கூட விருது ரஸ்ஸலுக்கு, ஆனால் அவர் இடம் இரண்டாவது அணியில்தான்.

தடுப்பாட்டத்தில் பெரியவர் யார் என்று காலம் தாண்டி ஒப்பிடும்போது இந்த இடைவெளிதான் நம்மைத் தடுமாற வைக்கிறது. புள்ளி எடுத்தவருக்கு ஏட்டில் சாட்சி இருக்கிறது. எதிரணியைப் புள்ளி எடுக்கவிடாமல் செய்தவருக்குச் சாட்சி குறைவு. எதிரணியின் ஷாட்டைத் தட்டிவிடும் பிளாக்கையும் பந்தைப் பறிக்கும் ஸ்டீலையும் என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியதே 1973-74 சீசனில்தான். ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969இல். அவர் 13 சீசனில் எத்தனை ஷாட்டைத் தட்டினார் என்பதற்கு லீகிடம் கணக்கே கிடையாது. ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது 1982-83இல் வந்தது. சிறந்த தடுப்பாட்ட ஐவர் பட்டியல் 1968-69இல், ரஸ்ஸலின் கடைசி சீசனில் தொடங்கியது. அதில் அவர் பெயர் இருக்கிறது, ஒரே ஒரு முறை. ஆகவே சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதுகளை எண்ணி வரிசைப்படுத்தினால், பிற்காலத்து சென்டர்களான முட்டோம்போ, பென் வாலஸ், ரூடி கோபேர் மூவருக்கும் தலா நான்கு, ரஸ்ஸலுக்குச் சைபர் என்று வரும். அந்த வரிசை எதற்கும் உதவாது.

இருக்கிற எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ரீபவுண்டை, அதாவது தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பதைப் பார்ப்போம். 1961-62இல் ரஸ்ஸலுக்கு ஆட்டத்துக்கு 23.6. முப்பது வருஷம் கழித்து, 1991-92இல் டெனிஸ் ராட்மனுக்கு 18.7. ரஸ்ஸல்தான் அதிகம் என்று தோன்றும். ஆனால் 1961-62இல் ஓர் அணி சராசரியாக 107 ஷாட்டுக்கு மேல் எறிந்தது, பாதிக்கு மேல் தவறின. அணிக்கு 71 ரீபவுண்ட், இரண்டு அணிக்கும் சேர்த்து 142. ராட்மன் காலத்தில் அது சுமார் 88. ரஸ்ஸல் 48 நிமிடத்தில் 45 நிமிடம் ஆடினார், ராட்மன் 40. அவரவர் களத்தில் இருந்த நேரத்துக்குள் கிடைக்கக்கூடிய பந்துகளைத் தோராயமாகக் கணக்கிட்டால், ரஸ்ஸல் நூற்றுக்குப் பதினெட்டைப் பிடித்தார், ராட்மன் இருபத்தைந்தைப் பிடித்தார். பங்கை இப்படிப் பிரித்துப் பார்க்காமல் பழைய எண்ணைப் புதிய எண்ணுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

அதற்காக ராட்மன் ரஸ்ஸலைவிடப் பெரிய தடுப்பாட்டக்காரர் என்றும் ஆகிவிடாது. ரீபவுண்ட் என்பது தடுப்பின் கடைசிப் படி. அதற்கு முன்னால் எதிரணி எங்கிருந்து, எவ்வளவு சங்கடத்தோடு எறிந்தது என்பதுதான் பெரிய விஷயம். பிளாக்கிலும் அப்படியே. பந்தை ஓங்கி அடித்துப் பார்வையாளர் வரிசைக்கு அனுப்பினால் அரங்கம் ஆர்ப்பரிக்கும், ஆனால் பந்து மறுபடியும் எதிரணிக்கே போகும். ரஸ்ஸல் இடது கைக்காரர். பந்தை மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ மெல்லத் தட்டித் தன் ஆள் கையில் சேர்ப்பார். அடுத்த நொடி செல்டிக்ஸ் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். ஏட்டில் இரண்டு தட்டலும் ஒரே பிளாக். ஆட்டத்தில் அவற்றின் விலை வேறு.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? அணியின் தடுப்பு, அந்தந்த வருஷ லீக் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நின்றது என்று பார்ப்பதுதான் என் கட்சி. எதிரணி கையில் பந்து வரும் நூறு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி விட்டுக்கொடுத்தார்கள் என்பதே அளவுகோல். ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்த்தால் வேகமாக ஆடும் அணி மோசமாகத் தெரியும்.

அணியைப் பார்க்கும்போதும் ஒரு பள்ளம் உண்டு. ரஸ்ஸல் போன பிறகு 48 வெற்றி 34 தோல்வியில் இருந்த செல்டிக்ஸ் 34 வெற்றி 48 தோல்விக்குச் சரிந்தது என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் சக ஆட்டக்காரர் சாம் ஜோன்ஸும் அதே கோடையில் ஓய்வு பெற்றார். 1956இல் ரஸ்ஸல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இருந்தபோது அவரில்லாத செல்டிக்ஸ் 16 வென்று 8 தோற்றது. அவர் வந்த பிறகு 28 வெற்றி, 20 தோல்வி. இந்த ஒரு சீசனை மட்டும் காட்டினால் அவர் வந்ததால் அணி கெட்டது என்றே வாதாடலாம். பல வருஷம், கூட்டாளிகள் மாற மாற, தடுப்பு நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூட்டாளிகளில் ஷார்மன் 1961இல் போனார், கௌசி 1963இல் போனார். 1963-64இல் செல்டிக்ஸின் ஷாட் சதவீதம் லீக் சராசரிக்கும் கீழே. இருந்தும் 80இல் 59 வெற்றி, கோப்பை. 13 வருஷத்தில் 11 கோப்பை வென்ற எல்லா அணியிலும் இருந்த ஒரே ஆட்டக்காரர் ரஸ்ஸல். எனக்கு அவர்தான் முதலிடம்.

விதிமுறை மாறியதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கூடைக்கு முன்னுள்ள வர்ணப் பகுதி 1964-65இல் 12 அடியிலிருந்து 16 அடியாக அகலமானது. 1979-80இல் மூன்று புள்ளிக் கோடு வந்தது. 2001-02இல் மண்டலத் தடுப்பு, அதாவது ஆளைக் காக்காமல் இடத்தைக் காப்பது, அனுமதிக்கப்பட்டது. கூடவே, யாரையும் அருகில் காக்காமல் தடுப்பவர் வர்ணத்துக்குள் மூன்று நொடிக்கு மேல் நின்றால் தவறு என்றும் ஆனது. 2004-05இலிருந்து வெளிவட்டத்தில் கையால் உரசித் தடுப்பதைக் கறாராக விசிலடித்தார்கள். இன்றைய சென்டரின் சிக்கல் இங்கேதான். பந்தை நகர்த்தும் கார்டுக்காக அவர் அணிக்காரர் ஒருவர் தடுப்பவரின் வழியில் திரைபோல் நிற்கிறார், கார்டு உள்ளே வருகிறார், திரை போட்டவர் கூடை நோக்கி ஓடுகிறார். சென்டர் பின்வாங்கி இருவருக்கும் நடுவே நிற்கிறார். ஓரடி முன்னே போனால் தலைக்கு மேல் பாஸ் பறக்கும். ஓரடி பின்னே நின்றால் கார்டு நின்ற இடத்திலிருந்தே மூன்று புள்ளி எறிவார். பொய் அசைவுக்குக் குதித்துவிட்டால் எல்லாம் போச்சு. கோபேருக்கு ப்ளேஆஃப் என்ற கோப்பைச் சுற்றில் வந்த நெருக்கடி இதுதான். ரஸ்ஸல் இந்தத் தேர்வை எழுதவே இல்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத் தேர்வு, இந்தக் காலத் தேர்வு இரண்டையும் தேறக்கூடியவர் என்று நான் நம்புவது சென்டர் ஹக்கீம் ஒலாஜுவனை. ஒரே சீசனில் 200 பிளாக்கும் 200 ஸ்டீலும் எடுத்தவர் அவர் ஒருவரே, 1988-89இல். கூடையைக் காத்த அதே ஆள் வெளியே ஓடி கார்டின் பந்தையும் பறித்திருக்கிறார்.

கடைசியாக பென் வாலஸ். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்காதவர், ஆட்டத்துக்கு 5.7 புள்ளி, தவறுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ எறிதலில் 41.4 சதவீதம். அந்த ஃப்ரீ த்ரோதான் அவர் ஆட்டத்தின் சுமை. எதிரணி வேண்டுமென்றே அவர்மேல் தவறு செய்து ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பும். 2004 இறுதிப் போட்டியில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸுக்காக அவர் லேக்கர்ஸ் சென்டர் ஷகீல் ஓ'நீலுக்கு எதிரே நின்றார். ஓ'நீல் ஆட்டத்துக்கு 26.6 புள்ளி எடுத்தார், 63 சதவீத ஷாட் உள்ளே போனது. ஏட்டை மட்டும் படிப்பவர் வாலஸ் தோற்றார் என்பார். ஆனால் டெட்ராய்ட் பெரும்பாலும் இரண்டாவது ஆளை அனுப்பாமல் ஓ'நீலை ஒற்றை ஆளிடம் விட்டது, அதனால் மற்ற நால்வரும் தங்கள் ஆளை விட்டு நகரவில்லை. டெட்ராய்ட்டின் டேஷான் பிரின்ஸ் ஒட்டியே நின்றதில் லேக்கர்ஸின் கோபி பிரையன்ட்டின் ஷாட் 38 சதவீதத்துக்கு இறங்கியது. நான்காவது ஆட்டத்தில் ஓ'நீல் 36 புள்ளியும் 20 ரீபவுண்டும் எடுத்தார். லேக்கர்ஸ் 80க்கு 88 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தோடு கோப்பை டெட்ராய்ட்டுக்கு.

வணக்கம்.