கரடி வேட்டைக்கு மணி கட்டிப் போகும் ஊர்: சிலியோவின் லா விஹானேரா

[காட்சி: இன்னும் விடியாத மலைச்சரிவு. தூரத்தில் மணிச்சத்தம் மட்டும்.]

வணக்கம். பேசுவதற்கு முன்னால் இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்கள். கோயில் மணி மாதிரி இருக்கிறதா? இது மாட்டு மணி. பெரிய பெரிய மாட்டு மணிகளை உடம்பில் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு கூட்டமே மலையில் நடக்கிறது.

ஸ்பெயின் என்றதும் நமக்கு வெயிலும் கடற்கரையும்தான் ஞாபகம் வரும். வடக்கே இருக்கிற கான்டாப்ரியா அப்படிப்பட்ட இடமே இல்லை. மழை, பச்சை மலை, மேய்ச்சல் நிலம், மாடுகள், இவ்வளவுதான். சாந்தாந்தேர் நகரத்திலிருந்து சுமார் 50 கி.மீ. தெற்கே வந்தால் சிலியோ என்று ஒரு கிராமம், சில நூறு பேர்தான் இருப்பார்கள். ஆனால் ஜனவரி மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால் ஆயிரக்கணக்கான பேர் இங்கே வந்து குவிகிறார்கள், லா விஹானேரா என்ற முகமூடித் திருவிழாவைப் பார்க்க.

கதை எளிமையானது. காட்டுக்குள் கரடி இருக்கிறது (கரடி வேஷம் போட்ட ஆள்தான்), அதைப் பிடித்து ஊருக்குக் கொண்டுவர வேண்டும். போன வருஷத்தின் கெட்டதெல்லாம் அந்தக் கரடிதான். பிடிக்கப் போகிறவர்கள்தான் நாம் கேட்ட மணிக்காரர்கள், சர்ராமாகோ என்பார்கள். முன்னும் பின்னும் ஆட்டுத்தோல், தலையில் கூம்புத் தொப்பி, முகம் முழுக்கக் கரி. ஒவ்வொரு குதிப்புக்கும் மணிகள் ஒன்றாக அதிரும். அந்த அதிர்வில் தீய சக்திகள் ஊரை விட்டு ஓடிவிடும் என்பது பழைய நம்பிக்கை. பக்கத்தில் நின்று கேட்டால் நெஞ்சுக்குள் இடிக்கும், வீடியோவில் அதில் பாதிகூட வராது. ஒரு விஷயம், இந்தக் கான்டாப்ரிய மலைத்தொடரில் இன்றைக்கும் நிஜமாகவே பழுப்புக் கரடிகள் வாழ்கின்றன. அதனால் இங்கே கரடி என்பது யாரோ சொல்லிக் கேட்ட விலங்கு கிடையாது.

[காட்சி: இலையும் பாசியுமாக ஒரு உருவம் சுவரோரம் நகர்கிறது.]

இவர்களைப் பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள் இவர்கள்தான். த்ரபஹோனெஸ். பாசி, கொடி, சோளத்தோகை, மரப்பட்டை என்று காட்டிலும் வயலிலும் கிடைப்பதை வைத்தே உடம்பு முழுக்க உடுப்பு செய்துகொள்கிறார்கள். உள்ளே ஆள் இருப்பதே தெரியாது, ஒரு புதர் எழுந்து நடக்கிற மாதிரி இருக்கும். கடையில் வாங்கிய ஒரு துண்டு பிளாஸ்டிக்கூட இல்லாமல் இப்படி ஒரு பயத்தை உண்டாக்க முடிகிறதே என்று நான் ஆச்சரியப்படுகிறேன். இது போக அறுபதுக்கும் மேற்பட்ட வேஷங்கள் உண்டு, எல்லாவற்றையும் சொல்ல இந்த வீடியோ போதாது.

சரி, கரடி பிடிபட்டாச்சு. சங்கிலியில் கட்டி அதன் எஜமானர் இழுத்து வருகிறார். அப்புறம் எல்லோரும் ஊர் எல்லைக்குப் போகிறார்கள். அங்கே நின்று அடுத்த ஊரைப் பார்த்து ஒரே கேள்வி: "போரா, சமாதானமா?" சமாதானம் என்று பதில் வந்ததும் எல்லா மணிகளும் சேர்ந்து அதிரும். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஊர்ச் சதுக்கத்திலேயே இடம் பிடித்துக் காத்திருந்து இதைத் தவற விடுகிறார்கள். நீங்கள் போனால் எல்லைக்குக் கட்டாயம் நடந்து போங்கள்.

சதுக்கத்தில் போன வருஷத்து ஊர் சமாச்சாரம், நாட்டு அரசியல் எல்லாவற்றையும் கிண்டலடித்துப் பாட்டாக வாசிக்கிறார்கள், யாரும் தப்ப முடியாது. பிறகு ஒரு பிரசவம்! கர்ப்பிணி வேஷம் போட்ட ஆண் ஒருவர் எல்லோர் முன்னாலும் அலறிப் புரண்டு பெற்றெடுப்பார், புது வருஷம் பிறந்துவிட்டது என்று அர்த்தம்.

இவ்வளவும் ஒரு காலத்தில் நின்றே போயிருந்தது. உள்நாட்டுப் போர் வந்தது, சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் ஆட்சியில் முகமூடித் திருவிழாக்களுக்குத் தடை விழுந்தது, சிலியோவில் மணிகள் பல பத்தாண்டுகள் அதிரவே இல்லை. 1982-ல் ஊர்க்காரர்களே திரும்பத் தொடங்கினார்கள். இத்தனை வருஷம் கழித்து ஒரு வேஷத்தை எப்படிக் கட்டுவது, எப்படிக் குதிப்பது என்று தெரிய வேண்டுமென்றால், பார்த்த கண்களும் ஆடிய கால்களும் ஊரில் மிச்சம் இருந்திருக்க வேண்டும். இன்னும் ஒரு தலைமுறை தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தாலே எனக்குப் பதறுகிறது. 2009-ல் இது தேசியச் சுற்றுலா முக்கியத்துவம் கொண்ட விழாவாக அறிவிக்கப்பட்டது.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போய்ச் சேருங்கள், பாதைகள் குறுகலானவை, கூட்டம் ஏற ஏற நடப்பதே கஷ்டம். மழைக்கு உடுத்திக்கொள்ளுங்கள். மதியம் கோசிதோ மொந்தான்யேஸ் கிடைத்தால் விடாதீர்கள், வெள்ளை பீன்ஸும் கீரையும் பன்றி இறைச்சியும் சேர்த்துக் கொதிக்க வைத்தது, அந்தக் குளிருக்கு அதுதான் சரி. மணிக்காரர்கள் வரிசையாக வரும்போது படம் எடுக்கக் குறுக்கே போய் நிற்காதீர்கள், தயவுசெய்து. அவ்வளவு பாரத்தோடு குதித்து வருகிறவரால் சட்டென்று நிற்க முடியாது.

[காட்சி: சதுக்கம். கூட்டம் வட்டமாக விலகுகிறது.]

கடைசியில் கரடியைக் கொல்கிறார்கள். அது தரையில் சாய்ந்ததும், விடியற்காலையில் மலையில் கேட்ட அதே மணிகள் அதைச் சுற்றி நின்று அதிர்கின்றன.