துப்பாக்கிக்கும் சுருதி உண்டு: ஸ்பைக் ஜோன்ஸும் வியர்ட் அல் யாங்கோவிக்கும்

[திரை இருளில் இருக்கிறது. பழைய இசைத்தட்டின் கீறல் ஒலி. பிறகு மென்மையான சேர்ந்திசை.]

1944-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பதிவான 'காக்டெய்ல்ஸ் ஃபார் டூ' என்னும் இந்தப் பாட்டு, அந்தக் காலத்தின் எந்தக் காதல் பாட்டையும் போலத்தான் தொடங்குகிறது. சேர்ந்து பாடும் குரல்கள் மெல்ல எழுந்து அடங்குகின்றன. பாடகர் கார்ல் கிரேசன் உள்ளம் உருகத் தம் பகுதியை எடுக்கிறார். கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்து உட்காரும் அந்த நேரம் பார்த்து விசில் அலறுகிறது, துப்பாக்கி வெடிக்கிறது, கார் ஹாரன்கள் கத்துகின்றன, மணிகள் ஒலிக்கின்றன, யாரோ விக்குகிறார்கள். பாடகரோ எதுவும் நடக்காததுபோல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

இப்போது அதே பகுதியை இன்னொரு முறை கேளுங்கள். இந்த முறை சிரிப்பை ஒதுக்கிவிட்டு விரலால் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். துப்பாக்கி தாளத்தைத் தவறவிடவில்லை, ஹாரன் மெட்டை விட்டு விலகவில்லை. ஒவ்வொரு இரைச்சலும் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில், ஒரு நொடி முன்னுமில்லாமல் பின்னுமில்லாமல் வந்து விழுகிறது. சி ஷார்ப் ஸ்வரம் வர வேண்டிய இடத்தில் துப்பாக்கி வெடிப்பதானால் அந்தத் துப்பாக்கியும் சி ஷார்ப்பில்தான் வெடிக்க வேண்டும், இல்லையென்றால் கேட்கச் சகிக்காது என்னும் கருத்து, இந்தக் குழுவின் தலைவரான ஸ்பைக் ஜோன்ஸின் பெயரால் இன்றும் வழங்கிவருகிறது. இரண்டு தலைமுறை தள்ளி வந்த இன்னொரு கலைஞரைப் புரிந்துகொள்வதற்கும் இதுவே திறவுகோல் என்று நான் நினைக்கிறேன். அவர் பகடிப் பாட்டுகளால் புகழ்பெற்ற அமெரிக்கக் கலைஞர் வியர்ட் அல் யாங்கோவிக்.

[திரையில்: கட்டம் போட்ட கோட்டு அணிந்த ஸ்பைக் ஜோன்ஸ், சுற்றிலும் பசுமணிகளும் ஹாரன்களும்.]

லிண்ட்லி ஆம்ஸ்ட்ராங் ஜோன்ஸ் 1911 டிசம்பர் 14 அன்று கலிபோர்னியாவின் லாங் பீச்சில் பிறந்தார். தந்தைக்கு ரயில்வேயில் வேலை. சிறுவனோ தண்டவாளத்தில் அடிக்கும் ஆணியைப்போல ஒல்லியாக இருந்ததால், ஆணி என்று பொருள்படும் 'ஸ்பைக்' என்பதே பெயராக ஒட்டிக்கொண்டது. ரயில்வே உணவகத்துச் சமையற்காரர் ஒருவர் தட்டு, கரண்டி, பாத்திரங்களைக் கொண்டு தாளம் எழுப்பக் கற்றுக்கொடுத்தார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. பின்னாளில் அவர் கை பட்ட எல்லாப் பொருளும் வாத்தியமானதற்கு வேர் அந்தச் சமையலறையில் இருக்கிறது. டிரம்ஸ் கலைஞராக வளர்ந்த அவர், பிங் கிராஸ்பியின் பாட்டுகளுக்கு வாசித்த ஜான் ஸ்காட் டிராட்டர் இசைக்குழுவில் இடம்பெற்றார். ஒழுங்கும் நேர்த்தியும் மிக்க இசையை நாள்தோறும் வாசித்த கைகள்தாம் பிறகு 'சிட்டி ஸ்லிக்கர்ஸ்' என்ற குழுவை நடத்தின என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தக் குழு நாடறியப் புகழ் பெற்றது 1942-இல். டிஸ்னி நிறுவனத்தின் ஒரு கார்ட்டூனுக்காக ஆலிவர் வாலஸ் எழுதிய, ஹிட்லரைக் கேலி செய்யும் 'டெர் ஃபியூரர்ஸ் ஃபேஸ்' பாட்டை அவர்கள் பதிவு செய்தார்கள். ஹிட்லருக்கு வணக்கம் சொல்லும் ஒவ்வொரு முறையும் வாயால் காற்றைப் பிதுக்கியதுபோல ஓர் அநாகரிக ஒலி எழும். போர்க்காலத்து மக்கள் அந்த ஒலிக்காகவே இசைத்தட்டை வாங்கினார்கள். அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் அறிவித்த பதிவு நிறுத்தம் ஆகஸ்ட் 1 அன்று தொடங்கவிருந்த நிலையில், அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அந்தப் பதிவு முடிந்திருந்தது.

[திரையில்: வானொலி நிலைய ஒலிவாங்கி ஒன்று.]

ஜோன்ஸ் 1965 மே மாதம் காலமானார். லாங் பீச் அடங்கிய அதே லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில், லின்வுட் என்னும் ஊரில் வளர்ந்துகொண்டிருந்த ஆல்ஃபிரட் மேத்யூ யாங்கோவிக்குக்கு அப்போது 5 வயது. அடுத்த ஆண்டு, தம் ஏழாவது பிறந்தநாளுக்கு முந்திய நாள், அவர் அக்கார்டியன் வகுப்பில் சேர்ந்தார். வீடு வீடாக வந்த இசைப்பள்ளி விற்பனையாளர் கிதாரா, அக்கார்டியனா என்று கேட்டபோது, பெற்றோர் அக்கார்டியனைத் தேர்ந்தார்களாம். அக்கார்டியன் முழங்கும் துள்ளல் நடன இசையான போல்காவின் மன்னர் என்று போற்றப்பட்ட பிரான்கி யாங்கோவிக்கின் குடும்பப் பெயரும் இதேதான்; இரண்டு குடும்பங்களுக்கும் உறவில்லை.

இறந்துபோன ஒரு குழுத்தலைவரின் ஒலி, ராக் இசையின் காலத்தில் வளர்ந்த இந்தச் சிறுவனின் காதுக்கு எப்படி எட்டியது என்ற கேள்விக்கு ஒரே ஒரு பெயரில் விடை சொல்லிவிடலாம்: டாக்டர் டிமென்டோ. பேரட் ஹேன்சன் என்னும் இசை ஆய்வாளர் இந்தப் புனைபெயரில் 1970 முதல் நடத்திய வானொலி நிகழ்ச்சி, மற்ற நிலையங்கள் எப்போதோ கைவிட்டுவிட்ட நகைச்சுவைப் பாட்டுகளை வாரந்தோறும் ஒலிபரப்பியது. ஸ்பைக் ஜோன்ஸ், ஸ்டான் ஃபிரீபர்க், டாம் லேரர், தெரிந்த மெட்டுகளுக்கு வேடிக்கை வரிகள் எழுதிப் பாடிய ஆலன் ஷெர்மன் ஆகியோரைத் தம் முன்னோடிகளாக யாங்கோவிக் குறிப்பிடுகிறார். 1976-இல் அவர் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பிய ஒலிநாடாவை ஒலிபரப்பியதும் அதே நிகழ்ச்சிதான். ஒரு மரபு அறுந்துபோகாமல் இருப்பதற்குச் சில நேரம் ஒரு தனிமனிதரின் இசைத்தட்டு அலமாரியே போதுமாக இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் அந்த மனிதருக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது.

இனி 1980 செப்டம்பர் 14-ஆம் நாள் இரவுக்குப் போவோம். கட்டடக்கலை மாணவரான யாங்கோவிக், டாக்டர் டிமென்டோவின் நிலையத்தில் நேரலையில் ஒரு பாட்டுப் பாட வந்திருக்கிறார். குயின் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்' என்ற வெற்றிப் பாட்டின் மெட்டில், நெரிசலான பேருந்தில் பயணம் செய்பவரின் அவதியைச் சொல்லும் பாட்டு அது. மூலப் பாட்டின் உயிர் அதன் கனத்த பாஸ் கிதார். இங்கே பாஸ் கிதாரே கிடையாது. கையில் இருப்பது ஓர் அக்கார்டியன் மட்டும். நிலையத்தில் அப்போதுதான் அறிமுகமான ஜான் ஷ்வார்ட்ஸ் என்னும் டிரம்ஸ் கலைஞரிடம் டிரம்ஸும் இல்லை. அவர் அக்கார்டியன் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் அடிக்கிறார். சுற்றியிருந்தவர்கள் கையாலும் வாயாலும் விசித்திர ஒலிகளை எழுப்புகிறார்கள். அந்தப் பதிவில் பெட்டியின் அடியை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள்: பேருந்து எவ்வளவு குலுங்கினாலும் தாளம் குலுங்குவதில்லை. ரயில்வே சமையலறையில் தட்டுகளைத் தட்டிய சிறுவனுக்கும் இந்தப் பெட்டிக்கும் இடையே ஐம்பது அறுபது ஆண்டுகள் இருக்கலாம். செய்யும் வேலை ஒன்றுதான். ஷ்வார்ட்ஸ் அன்றிலிருந்து யாங்கோவிக்கின் டிரம்ஸ் கலைஞராகவே இருக்கிறார்.

[திரை இரண்டாகப் பிரிகிறது: இடப்புறம் சிட்டி ஸ்லிக்கர்ஸ், வலப்புறம் யாங்கோவிக்கின் குழு.]

இந்த இருவரையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஒரு வேறுபாட்டோடு நின்றுவிடுகிறார்கள். ஜோன்ஸ் பாட்டின் சொற்களை அப்படியே விட்டுவிட்டு ஒலியைக் கலைத்தார். யாங்கோவிக் ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு சொற்களை மாற்றினார். மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' 1984-இல் 'ஈட் இட்' ஆகி, சண்டையை விட்டு விலகச் சொன்ன பாட்டு சாப்பிடச் சொல்லும் பாட்டானது. ஆகவே ஒருவர் ஒலிக் கோமாளி, மற்றவர் சொற் கோமாளி என்று பிரித்துவிடுகிறார்கள். இந்தப் பிரிவினை பாதி உண்மைதான். மறுபாதியைக் காண யாங்கோவிக்கின் போல்கா தொகுப்புகளைக் கேட்க வேண்டும்.

1984-ஆம் ஆண்டின் ஆல்பத்தில் தொடங்கி, ஏறக்குறைய ஒவ்வொரு ஆல்பத்திலும் அவர் ஒரு போல்கா தொகுப்பைச் சேர்த்துவந்திருக்கிறார். அந்தந்தக் காலத்தின் வெற்றிப் பாட்டுகள் பலவற்றின் வரிகளை, ஒரு சொல்லும் மாற்றாமல், அதிவேகப் போல்காவில் அடுத்தடுத்துப் பாடுவதுதான் அதன் அமைப்பு. காதலின் துயரமும், இளமையின் கோபமும், மேடையின் ஆணவமும் அக்கார்டியனின் துள்ளலில் ஒரே முகம் கொண்டுவிடுகின்றன; வரிகளுக்கு நடுவே ஹாரனும் விசிலும் விக்கலும் வந்து விழுகின்றன. சொல் அப்படியே இருக்க ஒலி தலைகீழாகிறது. இது முழுக்க முழுக்க ஜோன்ஸின் முறை. பகடிப் பாட்டுகளில் யாங்கோவிக்கை ஆலன் ஷெர்மனின் வாரிசு என்று சொன்னால் மறுக்க மாட்டேன். போல்காக்களில் அவர் சிட்டி ஸ்லிக்கர்ஸின் நேரடி வாரிசு.

பகடிப் பாட்டுக்குள்ளேயே அந்த வாரிசுரிமை தலைகாட்டும் இடமும் ஒன்று உண்டு. 1992-இல் வெளிவந்த 'ஸ்மெல்ஸ் லைக் நிர்வாணா', நிர்வாணா குழுவின் புகழ்பெற்ற பாட்டின் மெட்டிலேயே, அதன் வரிகள் யாருக்கும் புரியவில்லையே என்று பாடுகிறது. அதில் யாங்கோவிக் தொண்டையில் தண்ணீரை நிறுத்திக் கொப்பளித்தபடியே மெட்டைப் பாடுகிறார். கொப்பளிக்கும் ஒலிக்குச் சுருதி சேர்ப்பது எளிதல்ல; தண்ணீர் குறைந்தால் ஒலி தேயும், கூடினால் மூச்சு முட்டும். சுருதி மட்டும் பிசகியிருந்தால் அது வெறும் தொண்டைச் சத்தமாகப் போயிருக்கும். மெட்டின் மேடு பள்ளங்களில் அது சரியாக ஏறி இறங்குவதால்தான் சிரிப்பு வருகிறது. சி ஷார்ப் துப்பாக்கி இங்கே தண்ணீராக மாறியிருக்கிறது, அவ்வளவே.

இப்படிப்பட்ட வேலையை அவ்வப்போது கூலிக்கு அமர்த்தும் கலைஞர்களைக் கொண்டு செய்ய முடியாது. ஜோன்ஸின் குழுவில் எக்காளம் வாசித்த ஜார்ஜ் ராக் அபாரத் திறமைசாலி. 1948 கிறிஸ்துமஸ் காலத்தில் முதலிடம் பிடித்த, முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்ட குழந்தையின் பாட்டில் அந்தக் குழந்தைக் குரல் வளர்ந்த மனிதரான அவருடையதுதான். யாங்கோவிக்கின் பக்கம் பாருங்கள்: கிதாரில் ஜிம் வெஸ்ட், பாஸில் ஸ்டீவ் ஜே ஆகியோர் 1982 முதல், கீபோர்டில் ரூபன் வால்டியெரா 1991 முதல். ஹெவி மெட்டலும் ராப்பும் மின்னணு நடன இசையும் அடுத்தடுத்து வரும் மேடையில், ஒவ்வொன்றையும் அதை மட்டுமே வாசிக்கும் குழுபோல வாசிக்கும் திறன் இவர்களுடையது. நகைச்சுவை இசை என்றால் வாசிக்கத் தெரியாதவர்களின் புகலிடம் என்று நினைக்கும் வழக்கம் இன்னும் மாறவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

மூலப் பாட்டை எழுதியவர்களிடம் நடந்துகொண்ட முறையில் இருவரும் வேறுபடுகிறார்கள். 'காக்டெய்ல்ஸ் ஃபார் டூ' பாட்டை எழுதிய இருவரில் ஒருவரான சாம் காஸ்லோவுக்கு ஜோன்ஸின் பதிவு அறவே பிடிக்கவில்லை. மதுவிலக்கு நீங்கிய காலத்தின் நிம்மதியில் பிறந்த தம் நயமான பாட்டு இப்படி ஆனதை எண்ணி அவர் நொந்ததில் நியாயம் இருக்கிறது. யாங்கோவிக்கோ, பகடிக்கு அமெரிக்கச் சட்டம் இடம் தந்தாலும், மூலக் கலைஞரின் இசைவைக் கேட்டுப் பெறுவதை வழக்கமாக்கிக்கொண்டார். பிரின்ஸ் கடைசிவரை இசையவில்லை. அவர் மெட்டுகளில் யாங்கோவிக்கின் பகடி எதுவும் வெளிவரவில்லை.

[திரையில்: 1946 என்ற எண். பிறகு அது 2018 ஆகிறது.]

இருவரையும் இணைக்கும் இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1946-இல், புகழின் உச்சியில் இருந்தபோதே, ஜோன்ஸ் 'அதர் ஆர்க்கெஸ்ட்ரா' என்ற பெயரில் இன்னொரு குழுவை அமைத்தார். துப்பாக்கி இல்லை, ஹாரன் இல்லை. நேர்த்தியான நடன இசை மட்டுமே. அவர் காசும் ஆசையும் கொட்டி நடத்திய அந்தக் குழுவை மக்கள் ஏற்கவில்லை. ஜோன்ஸ் என்றால் இரைச்சல் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு அதே கைகளின் நேர்த்தி தேவைப்படவில்லை. குழு விரைவிலேயே கலைந்தது.

யாங்கோவிக்குக்கு அந்த வாய்ப்பு தாமதமாக, ஆனால் கனிந்த காலத்தில் வந்தது. 2014-இல் 'மேண்டேட்டரி ஃபன்' ஆல்பம் அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசைப் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. 1963-இல் ஆலன் ஷெர்மனுக்குப் பிறகு எந்த நகைச்சுவை ஆல்பமும் அந்த இடத்தைத் தொட்டிருக்கவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 2018-இல், அவர் சிறிய அரங்குகளைத் தேடி ஒரு பயணம் போனார். வேடங்கள் இல்லை, திரைக்காட்சிகள் இல்லை, புகழ்பெற்ற பகடிகள் அவற்றின் வழக்கமான வடிவில் இல்லை. பழைய நண்பர்கள் நால்வரோடு நாற்காலியில் அமர்ந்து, பெரும்பாலும் தாமே இயற்றிய பாட்டுகளைப் பாடினார். ஒவ்வொரு இரவும் கடைசிப் பகுதியில் வேறொரு கலைஞரின் பாட்டு ஒன்றைப் பாடினார். 70-க்கும் மேற்பட்ட இரவுகளில் இரவுக்கு ஒரு புதிய பாட்டு. அந்தப் பாட்டுகளில் அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை, ஒரு ஒலியையும் கலைக்கவில்லை. அரங்கில் இருந்தவர்கள் அதைக் கடைசிவரை கேட்டார்கள்.

[சேர்ந்திசை மெல்ல எழுகிறது. துப்பாக்கி வெடிக்கவில்லை. திரை இருள்கிறது.]