ஓவர்டேக் நடக்கக்குள்ள கமரா எங்க போகுது?

(திரையில: அரவாசி திறந்த ஷட்டர், உள்ள ஒரு பழைய டீவி, சுத்திவர ஆக்கள்)

வணக்கம் மக்காள், இண்டைக்கு நான் கொஞ்சம் கோபத்தோட வந்திரிக்கன், ஏனெண்டா எஃப் வன், அதான் ஃபோர்மியுலா வன் கார் ரேஸ டீவில காட்டுற விதத்தப் பத்தி கனகாலமா மனசுக்குள்ள வச்சிட்டிருந்தன், ஓவர்டேக், அதான் ஒரு கார் இன்னொண்ட முந்துறது, நடக்கக்குள்ள கமரா வேற எங்கயோ நிக்குது.

2025 ஒக்டோபர் 5, ஞாயித்துக்கிழம பின்னேரம். களுவாஞ்சிக்குடில நம்மட மச்சான்ட மோட்டார்சைக்கிள் கராஜ். ஞாயிறு எண்டா அங்க வேல இல்ல, ஆனா எஃப் வன் இரிக்கிற ஞாயிறு எண்டா ஷட்டர அரவாசி தூக்கி வச்சிட்டு ஆறேழு பேர் உள்ள இருப்பம், ஒருத்தன் பழைய டயருக்கு மேல, ஒருத்தன் கழட்டிப் போட்ட சீட்டுக்கு மேல, மச்சான் மட்டும் நிண்டுகொண்டுதான் பாப்பான், அவனுக்கு ரேஸ் நேரம் இருக்க ஏலாது. சிங்கப்பூர் ரேஸ் நமக்கு நல்ல வசதி, அங்க ராத்திரி 8 மணி எண்டா இஞ்ச அஞ்சரை, வெளிச்சம் இரிக்கக்குள்ளயே தொடங்கிரும்.

கடைசி ரெண்டு மூண்டு சுத்து. டீவில முன்னுக்குப் போற கார்களக் காட்டிட்டிருக்காங்க, ரெண்டாம் இடத்துக்கு வெர்ஸ்டாப்பனும் நொரிஸும். அந்த நேரம் பின்னால இருந்த தம்பி ஒருத்தன் ஃபோன்ல லைவ் டைமிங், அதான் ஒவ்வொரு காரும் எங்க நிக்குது எண்டு இலக்கமாக் காட்டுற பக்கம், பாத்துட்டிருந்தவன் ஒரேயடியா கத்துறான், "அண்ணன், ஹாமில்டனுக்கு என்னமோ நடந்திட்டு, அலோன்சோ கிட்ட வந்திட்டான்!" எண்டு. நாம எல்லாரும் டீவியப் பாக்குறம், டீவில ஒண்டுமில்ல. அவன்ட ஃபோனுக்குக் கிட்டப் போய் பாக்குறம், 30 செக்கனுக்கு மேல இருந்த இடைவெளி ஒவ்வொரு செக்டருக்கும் (ட்ராக்க மூண்டாப் பிரிச்ச ஒரு துண்டு) கரைஞ்சு கொண்டு போகுது, ஏனெண்டா ஹாமில்டன்ட பிரேக் போயிட்டு, அவர் அந்தக் கார எப்பிடியாவது கோட்டுக்குக் கொண்டு போய்ச் சேக்கப் பாக்குறார். 7 தரம் சாம்பியனான ஒருத்தர் பிரேக் இல்லாம சிங்கப்பூர்ச் சுவருகளுக்கு நடுவால வாறார், பின்னால 44 வயசு அலோன்சோ விரட்டி வாறார், ரெண்டு பேரும் 2007ல ஒரே டீம்ல முட்டிக்கொண்ட ஆக்கள். இத விட என்ன கதை வேணும்? கடைசில இடைவெளி அர செக்கனும் இல்ல, ஹாமில்டன் முதல்ல கோட்டத் தாண்டினார், மறுகா ட்ராக்க விட்டு வெளிய போனதுக்கு 5 செக்கன் தண்டன குடுத்து அலோன்சோவ முன்னுக்குப் போட்டாங்க.

அந்த விரட்டல நாம பாத்தது ஒரு ஆறு இஞ்சி ஃபோன்ல, இலக்கமாத்தான்.

அந்தக் கிழமையே டிரைவர் கார்லொஸ் சைன்ஸ் வாய் திறந்து சொன்னார். அவர் அண்டைக்கு 18ஆவதா தொடங்கி 10ஆவதா வந்தவர், எட்டு இடம். தான் முந்தினதுகளக் காட்டல, அலோன்சோ ஹாமில்டன விரட்டினதயும் காட்டல, டிரைவர்மார்ட காதலிமாரையும் பிரபலங்களையும் காட்டுறது கூடிப் போயிட்டு எண்டு. ஓட்டுறவனே இப்பிடிச் சொன்னா பாக்குற நம்மட மனசு எப்பிடி இரிக்கும்.

சரி, இது ஏன் நடக்குது? இதத்தான் இண்டைக்கு விளக்கமாப் பாக்கப் போறம்.

(திரையில: வெள்ளப் பலகை, மார்க்கரால கீறின ஒரு வட்ட ட்ராக்)

முதல்ல ஒண்ட விளங்கிக் கொள்ளணும். நீங்க மட்டக்களப்புல இருந்து பாத்தாலும் லண்டன்ல இருந்து பாத்தாலும் பிரேசில்ல இருந்து பாத்தாலும் அந்தப் படம் ஒரே படம். சேனல் வேற, வர்ணனைக் குரல் வேற, படம் ஒண்டு. இதுக்குப் பேர் வேர்ல்ட் ஃபீட். எஃப் வன் கம்பெனியே இதத் தயாரிக்குது. ட்ராக்ல நிக்கிற கமரா, ஹெலிகொப்டர், ஒவ்வொரு கார்லயும் பூட்டின கமரா எல்லாம் கேபிளால இங்கிலாந்துல கென்ட் பக்கம் பிகின் ஹில் எண்ட இடத்துக்குப் போகும், அங்க ஒரு பெரிய அறைக்குள்ள டிரெக்டர் இருந்து "இப்ப இத போடு, இப்ப அத போடு" எண்டு சொல்லுவார், அதத்தான் உலகம் முழுக்கப் பாக்குது. ஆக அவர் ஒரு ஓவர்டேக்க விட்டா நமக்கு வேற சேனலுக்குத் தட்டிப் பாக்க வழியே இல்ல. கிரிக்கெட்ல அந்தக் கரச்சல் இல்ல, அங்க பந்து ஒண்டுதான், கமரா பந்துக்குப் பின்னால போனாச் சரி. இஞ்ச 2025ல 20 கார், 2026ல இருந்து 22 கார், ஒவ்வொண்டும் ஒரு பந்து. அதால அந்த டிரெக்டர்ட வேல லேசான வேல எண்டு நான் சொல்ல வரல, உண்மையிலேயே கஸ்டமான வேல.

கஸ்டம் எந்தளவு எண்டா, நம்மட கல்லடிப் புதுப் பாலத்த நினைச்சுக் கொள்ளுங்க, 300 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஓட்டோல போனா வாவிய ரெண்டு பக்கமும் பாத்து, காத்து வாங்கி, ஆறுதலாத் தாண்டுவம். 300 கிலோமீற்றர் வேகத்துல ஒரு கார் செக்கனுக்கு 83 மீற்றர் போகும், அப்ப அந்தப் பாலம் மூண்டர செக்கன். டிரெக்டர் 10 செக்கனுக்கு ஒரு ரீப்ளே போட்டார் எண்டா அதுக்குள்ள நேர் றோட்டுல போற கார் பாலத்த மூண்டு தரம் தாண்டின மாதிரி. திரும்பி வரக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும், ஒழுங்கு மாறி இரிக்கும், வர்ணனையாளரும் "ஓ, இவர் முந்திட்டார் போல" எண்டு நம்மளோட சேந்து தேடுவார். ஏனெண்டா அவரும் அதே படத்ததான் பாக்குறார்!

இதுக்கு நல்ல உதாரணம் 2021 மொனாக்கோ. மொனாக்கோல முந்துறது எண்டா மழைக்காலத்துல வெயில் மாதிரி, அபூர்வம். டிரைவர் வெட்டல் பிட்டுக்குள்ள (டயர் மாத்துற இடம்) இருந்து வெளிய வாறார், இன்னொரு டிரைவர் கஸ்லி பக்கத்தால வாறார், ரெண்டு காரும் தோளோட தோளா மேட்டுல ஏறுது, நாம எழும்பி நிக்குறம், அந்தச் செக்கன்ல பாத்து கமரா வெட்டி மத்த டிரைவர் லான்ஸ் ஸ்ட்ரோல் நீச்சல் குளத்துப் பக்கம் வளைவுல தட்டின ரீப்ளேய போட்டாங்க. ஸ்ட்ரோல் அப்ப எங்கயும் போகல, யாரோடயும் சண்ட பிடிக்கல. அந்தக் காலம் மொனாக்கோ மட்டும் எஃப் வன் கம்பெனிட கையில இல்ல, உள்ளூர் ஆக்கள்தான் படம் பிடிச்சவங்க, பாக்குற சனம் வருசா வருசம் ஏசினது, 2023ல இருந்துதான் அதுவும் மத்த ரேஸ் மாதிரி எஃப் வன் கம்பெனிட கைக்கு வந்தது. ஆனா சிங்கப்பூர் அவங்கட கையில இரிக்கக்குள்ள நடந்தது, அதான் எனக்குக் கூட வலிக்குது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். இத விளங்கினாத்தான் கோபம் ஏன் எண்டும் விளங்கும்.

எஃப் வன்ல கன ஓவர்டேக் ட்ராக்ல நடக்குறதில்ல. பிட்டுலதான் நடக்கும். பாருங்க, ஒரு கார் டயர் மாத்த உள்ள போய் வந்தா ஏறக்குறைய 20 செக்கன் இழக்கும், டயர் மாத்துற நேரம் ரெண்டு மூண்டு செக்கன்தான், மிச்சம் பிட் ஒழுங்கைக்குள்ள வேகத்தக் குறைச்சு போறதால வாற இழப்பு. இப்ப முன்னுக்கு ஒருத்தர், 2 செக்கன் பின்னால இன்னொருத்தர். பின்னால இரிக்கிறவர் முதல்ல உள்ள போய்ப் புது டயர் போடுவார். முன்னுக்கு இரிக்கிறவர் பழைய டயர்ல இன்னொரு சுத்து. புது டயர் அந்த ஒரு சுத்துல ரெண்டு செக்கன் கூட ஓடினா? மறுகா முன்னவர் உள்ள போய் வெளிய வரக்குள்ள, மத்தவர் நேர் றோட்டால வந்துகொண்டிருப்பார், ஆர் முதல் வளைவுக்கு முன்னுக்குப் போறாங்க எண்ட அந்த அஞ்சு செக்கன் இரிக்கே, அதுதான் இருவது சுத்தா ஓடின ரேஸ்ட முடிவு. இதுக்குப் பேர் அண்டர்கட். இருவது சுத்தா நாம இடைவெளிய எண்ணி எண்ணிப் பாத்துட்டிருந்தம், 4.1, 3.6, 2.9, 2.2 எண்டு, விதைச்சு தண்ணி கட்டி அறுப்புக்கு நிக்கிற வயல் மாதிரி. அந்த அஞ்சு செக்கன்ல கொண்டு போய் கராஜுக்குள்ள ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு நிக்கிற ஒரு நடிகரக் காட்டினா, அறுப்பு நாள்ல வயலுக்குள்ள விடாத மாதிரி இரிக்கும்.

அந்த நடிகர்லயும் பிழை இல்ல, டிரைவர்மார்ட குடும்பத்துல இரிக்கிற பொம்புளப் புள்ளையள்லயும் ஒரு பிழையும் இல்ல, அதுகள ஏசுறவங்கள நான் ஏத்துக்கொள்ளவே மாட்டன். அதுகள் ரேஸ் பாக்க வந்திருக்குதுகள், நம்மள மாதிரி. நான் கேக்குறது நேரத்தப் பத்தி. சேஃப்டி கார், அதான் விபத்து நடந்தா எல்லாரையும் மெதுவாக்க முன்னுக்கு விடுற கார், போற நேரம் காட்டுங்க, ரேஸ் முடிஞ்சா காட்டுங்க, முன்னுக்கு எல்லாம் அமைதியாப் போற நேரம் ரெண்டு செக்கன் காட்டுங்க. 2017ல அமெரிக்கக் கம்பெனி லிபர்ட்டி மீடியா எஃப் வன வாங்கினதுக்குப் பிறகு, மறுகா 2019ல நெட்ஃப்ளிக்ஸ்ல தொடர் வந்ததுக்குப் பிறகு புது ஆக்கள் கனபேர் பாக்க வந்தாங்க, அவங்களுக்கு முகமும் கதையும் வேணும், அது எனக்கு விளங்குது, நம்மட கராஜ்லயே ரெண்டு பேர் அப்பிடி வந்தவங்கதான். ஆனா அந்த ரெண்டு பேரும் இப்ப இடைவெளி எண்ணுறாங்க! முகத்துக்கு வந்தவன் ரேஸுக்காக நிப்பான், ரேஸ காட்டினா.

(திரையில: கறுப்பு. சத்தம் இல்ல.)

இன்னொண்டு, இத மெல்லமாச் சொல்லணும். 2020 பஹ்ரைன் ரேஸ்ல டிரைவர் குரோஜான்ட கார் வேலிக்குள்ள பாய்ஞ்சு நெருப்பு பத்தினது. அவர் உயிரோட வந்தார், கடவுள் புண்ணியம். ஆனா ரேஸ் திரும்பத் தொடங்குற வரைக்கும் அந்த நெருப்ப ஒவ்வொரு கோணத்தாலயும் திருப்பித் திருப்பிக் காட்டினாங்க, திரும்பக் காருக்குள்ள ஏற நிண்ட மத்த டிரைவர்மார் அதப் பாத்துட்டு நிண்டாங்க, அவங்கள்ல ஒருத்தர் டேனியல் ரிக்கியார்டோ அண்டைக்கே அதக் கண்டிச்சார். எனக்கு இது ஏன் குத்துது எண்டா, 2024 ஏப்ரல் 21 நம்மட நாட்டிலயே, பதுளைக்கு அங்கால தியத்தலாவைல, ஃபொக்ஸ் ஹில் ரேஸ்ல கார் சனத்துக்குள்ள பாய்ஞ்சு 7 பேர் செத்துப் போனாங்க, ஒரு சின்னப் புள்ளையும். அந்த வீடியோ ரெண்டு மூண்டு நாளா ஃபோனுக்கு ஃபோன் சுத்தினது. நான் ஒரு தரம் பாத்தன், மறுகா பாக்கல. விபத்துல ஆள் தப்பின எண்டு தெரியிற வரைக்கும் ரீப்ளே போடாம இரிக்கிற பழக்கம் எஃப் வன்ல இரிக்கு, அது நல்ல பழக்கம், தப்பின எண்டு தெரிஞ்ச பிறகும் ஒரு அளவு வேணும், அவ்வளவுதான்.

சரி, விளம்பரம். இதுல டிரெக்டர்மேல பழி போட ஏலாது, இது சேனல்காரங்கட வேல. சில வருசத்துக்கு முன்னால நாம ஒரு சேனல்ல பாத்துட்டிருக்கம், சேஃப்டி கார் உள்ள போகப் போகுது, எல்லாக் காரும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு ஒட்டிக்கொண்டு நிக்குது, முதல்ல போறவர் எப்ப மிதிப்பார் எண்டு மூச்சப் பிடிச்சிட்டிருக்கம், சீமெந்து விளம்பரம். மறுகா பிஸ்கட் விளம்பரம். திரும்பி வரக்குள்ள ரீஸ்டார்ட் முடிஞ்சு ஒரு சுத்தும் போயிட்டு, மூண்டு பேர் இடம் மாறிட்டாங்க. மச்சான் கையில இருந்த ஸ்பானர வச்சிட்டு வெளிய போய் நிண்டான், ஒரு கத கதைக்கல. விளம்பரம் இல்லாம சேனல் நடத்த ஏலாது எண்டு எல்லாருக்கும் தெரியும், ஆனா படத்தச் சின்னதாக்கி மூலைல ஓட விட்டு பக்கத்துல விளம்பரத்தப் போடலாமே, செய்றவங்க செய்றாங்க. 5 நாள் டெஸ்ட் மேட்ச்ல ஓவருக்கு ஓவர் இடைவெளி இரிக்கு, இஞ்ச 305 கிலோமீற்றர் ஓடி முடியிற வரைக்கும் இடைவெளியே இல்ல.

காசு விசயமும் இரிக்கு. இங்கிலாந்துல 2019ல இருந்து, பிரிட்டிஷ் ரேஸத் தவிர, நேரடி ரேஸ் ஸ்கை சேனல்லதான், காசு கட்டணும், இலவசத்துக்கு சனல் ஃபோர்ல ஹைலைட்ஸ். இந்தியால 2022ஓட டீவில இருந்து போய், இப்ப அப்லதான். எந்த டிரைவர்ட கமராவையும் நாமளே தெரிவு செஞ்சு பாக்குற வசதி எஃப் வன்ட சொந்த அப்ல இரிக்கு, அதுவும் உரிமை ஒப்பந்தத்தப் பொறுத்து நாட்டுக்கு நாடு மாறும். ஆக நல்ல படம் இரிக்கு, அது காசுக்குப் பின்னால இரிக்கு. டேட்டா கார்ட் போட்டுப் போட்டுப் பாக்குற நம்மட ஊர்ப் புள்ளையளுக்கு அந்த ஒரே ஃபீட்தான் கதி, அதனாலதான் அந்த ஒரு ஃபீட் ஒழுங்கா இரிக்கணும் எண்டு இவ்வளவு அழுத்திச் சொல்றன்.

அஜித்ட கதையும் சொல்லணும், இல்லாட்டி கொமெண்ட்ல கேப்பீங்க. 2025 ஜனவரி துபாய் 24 மணித்தியால ரேஸ்ல அவர்ட டீம் தங்கட பிரிவுல 3ஆவது வந்தது. அந்த ரேஸ் முழுக்க யூடியூப்ல இலவசம், கல்முனைல இருந்து என்ட சொந்தக்காரப் பொடியன் ஒருத்தன், ஆயுசுல ரேஸ் பாக்காதவன், ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பாத்தான். அங்கயும் ஒரே ட்ராக்ல பல பிரிவு, கமரா கூடுதலா முன்னுக்குப் போறவங்களோடதான், அஜித்ட டீம் கார் எப்பவாவது தெரிஞ்சாத்தான். ஆனா அவன் கோவிக்கல, ஏனெண்டா பக்கத்துல டைமிங் பேஜ் திறந்து வச்சிருந்தான், கார் இலக்கம் எங்க நிக்குது, பிட்டுக்குள்ள எப்ப போச்சு, எல்லாம் தெரியும். காலைல எனக்கு அடிச்சு டயர் மாத்துறதப் பத்தி அர மணித்தியாலம் பாடம் எடுத்தான்.

அதால நாம இப்ப கராஜ்ல என்ன செய்றம் எண்டா, டீவிக்குப் பக்கத்துல ஸ்பானர் பெட்டிக்கு மேல ஒரு ஃபோன நிப்பாட்டி வச்சிரிக்கம், லைவ் டைமிங் மட்டும். ஒரு ஆள் அதுக்குப் பொறுப்பு, சுத்துக்குச் சுத்து மாறுவம். அவர் சத்தமா வாசிக்கணும், "ரெண்டு தசம் ஒண்டு... ஒண்டு தசம் எட்டு... பிட்டுக்குள்ள போறான், போறான்!" எண்டு. இடைவெளி மூண்டு சுத்தா ஒரே மாதிரிக் குறைஞ்சா ஏதோ வரப் போகுது எண்டு அர்த்தம். ஒருத்தர்ட செக்டர் நேரம் மட்டும் திடீரெண்டு ரெண்டு மூண்டு செக்கன் கூடினா அந்தக் காருக்கு ஏதோ நடந்திட்டு, அண்டைக்கு ஹாமில்டனுக்கு நடந்த மாதிரி. டீவிக்கு முதல்ல ஃபோன் சொல்லும்.

போன ரேஸ்ல அந்தப் பொறுப்பு மச்சான்ட 9 வயசு மகளுக்கு. அவ வாசிக்க வாசிக்க நாம எல்லாரும் டீவிய விட்டு அவட முகத்தத்தான் பாத்துட்டிருந்தம், "மாமா, 0.7... மாமா, 0.4..." எண்டு புள்ள கத்தக்குள்ள டீவில ஒரு ரீப்ளே ஓடிட்டிருந்தது, மச்சான் டீவியப் பாத்து "காட்டுங்கடா, நேரா ட்ராக்க காட்டுங்கடா" எண்டான். காட்டினாங்க. அந்த நேரம் முன்னுக்கு மாறிட்டு.