உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிரதிநிதி

நேயர்களுக்கு வணக்கம்.

மக்கள் பிரதிநிதிகளும் மனித உரிமையும் என்று பொதுவாகப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். பொதுவாகப் பேசினால் நல்ல வார்த்தைகளாகவே நேரம் ஓடிவிடும், ரேடியோவை அணைத்ததும் ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பிரமிளா ஜெயபால். 1965ல் சென்னையில், ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்தது இந்தோனேசியாவிலும் சிங்கப்பூரிலும். 16 வயதில் தனியாக அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். இன்று வாஷிங்டன் மாநிலத்தின் 7வது தொகுதியிலிருந்து, அதாவது சியாட்டில் நகரத்தின் பெரும்பகுதி அடங்கிய தொகுதியிலிருந்து, ஜனநாயகக் கட்சி உறுப்பினராக அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இருக்கிறார். 2017 ஜனவரியில் பதவியேற்றபோது அந்தச் சபைக்குப் போன முதல் இந்திய அமெரிக்கப் பெண் அவர்தான்.

சென்னையில் பிறந்தவர் என்றதும் நம்ம ஊர்ப் பெண் என்று கொண்டாடக் கிளம்பிவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள். டெல்லியில் இருப்பவர்களுக்கே அவர் மேல் கோபம் வந்த கதை ஒன்று இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். குடியேற்றம் பற்றி இவர் கொண்டுவந்த பெரிய மசோதா எதுவும் இதுவரை சட்டமாகவில்லை. இத்தனை ஆண்டில் என்னதான் செய்தார் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்பதற்கு அது வசதியான கேள்வி. ஆனால் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ உட்காருபவரின் வேலையை, அவர் நிறைவேற்றிய சட்டங்களை எண்ணித்தான் அளக்க வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2018 ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டி வருபவர்கள் எல்லார் மீதும் குற்றவழக்கு போடுவோம், எந்த விட்டுக்கொடுப்பும் கிடையாது என்று டிரம்ப் அரசு அந்த வசந்தகாலத்தில் அறிவித்திருந்தது. அப்பா அம்மா மீது வழக்கு என்றால் பிள்ளைகளை அவர்களோடு வைத்திருக்க முடியாது என்று சொல்லிப் பிரித்தார்கள். பிரித்த பிள்ளைகள் எங்கே என்று நாடே கேட்க ஆரம்பித்த நேரம். ஜூன் 3ஆம் தேதி ஜெஃப் மெர்க்லி என்ற செனட்டர், டெக்சாஸ் மாநிலம் பிரவுன்ஸ்வில்லில் ஒரு பழைய வால்மார்ட் கடையைக் குழந்தைகள் காப்பகமாக மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதன் வாசலுக்கே போனார். உள்ளே விடவில்லை. போலீஸைக் கூப்பிட்டு அனுப்பிவைத்தார்கள். ஒரு நாட்டின் மேலவை உறுப்பினருக்கு அந்த நாட்டு அரசின் செலவில் நடக்கும் இடத்தில் கிடைத்த மரியாதை இது.

அடுத்த சனிக்கிழமை, ஜூன் 9, பிரமிளா சியாட்டில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சீடாக் என்ற இடத்து மத்திய அரசுச் சிறைக்குப் போனார். மெக்சிகோ எல்லையிலிருந்து ஆயிரம் மைலுக்கும் மேல் தள்ளி இருக்கிற சிறை அது. குடியேற்றக் காவல் மையங்களில் இடம் போதாமல், புகலிடம் கேட்டு வந்தவர்களை மத்தியச் சிறைகளுக்கும் அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். அங்கே 174 பெண்கள் இருந்தார்கள். பெரும்பாலும் ஹோண்டுராஸ், குவாத்தமாலா, எல்சால்வடார் நாடுகளிலிருந்து வந்தவர்கள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வெளியே வந்து, கேட்டதைக் கேட்டபடி சொன்னார். அந்தப் பெண்களில் பலர் பிள்ளைகளிடமிருந்து பிரிக்கப்பட்ட தாய்மார்கள். போய்வருகிறேன் என்று சொல்லக்கூட அவகாசம் தரவில்லை. பிள்ளைகள் பக்கத்து அறையில் அழுது கத்துவது காதில் விழுந்திருக்கிறது, எழுந்து போக முடியவில்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று பலருக்குத் தெரியவே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அதுவரை இந்தப் பிரிவினைபற்றி வந்த தகவல்களில் பெரும்பாலானவை வக்கீல்கள், தொண்டு நிறுவனங்கள் வழியாக வந்தவை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் சிறைக்குள் அந்தத் தாய்மார்களையே பார்த்துவிட்டு, நானே கேட்டேன் என்று கேமரா முன்னால் நின்றால் அதை மறுப்பது அரசுக்குச் சுலபமில்லை. ஜூன் 20ஆம் தேதி டிரம்பே ஓர் ஆணை போட்டுப் பிரிப்பதை நிறுத்தினார். 26ஆம் தேதி சான் டியாகோ நீதிபதி டேனா சப்ரா, 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை 14 நாளிலும் மற்றவர்களை 30 நாளிலும் பெற்றோரிடம் சேர்க்கச் சொன்னார். இதெல்லாம் ஒருவரால் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சில வாரங்களில் வாசலுக்குப் போனவர்களில் இவரும் ஒருவர், அவ்வளவுதான்.

சரி, இந்தக் காவல் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம், ஏனென்றால் நம் தெருவிலேயே இரண்டு வீட்டுப் பிள்ளைகளாவது அமெரிக்காவில் இருக்கிறார்கள், ஆனால் இது பெரும்பாலோருக்குத் தெரியாது. குடியேற்றக் காவல் அமெரிக்கச் சட்டப்படி தண்டனை கிடையாது, சிவில் நடவடிக்கை. அப்படிச் சொன்னால் ஏதோ மென்மையான விஷயம் போல இருக்கும். நடைமுறையில் தலைகீழ். கொலை வழக்கில் மாட்டியவரிடம் காசில்லை என்றால் அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும். குடியேற்ற வழக்கில் அந்த உரிமை இல்லை, வேண்டுமானால் சொந்தச் செலவில் வைத்துக்கொள்ளலாம். எதிர்ப்பக்கத்தில் அரசு வக்கீல் தவறாமல் இருப்பார். தீர்ப்புச் சொல்லும் நீதிபதியோ தனி நீதிமன்றத்தைச் சேர்ந்தவர் இல்லை, அட்டர்னி ஜெனரல் என்கிற, அரசின் நீதித்துறைத் தலைவரின் கீழ் வேலை செய்பவர். இந்த ஏற்பாட்டை அமைத்தவர்கள் இரண்டு கட்சிக்காரர்களும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காவலில் இருப்பவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் தனியார் கம்பெனிகள் நடத்தும் மையங்களில் இருக்கிறார்கள். சியாட்டிலுக்குத் தெற்கே டகோமாவில் அப்படி ஒரு மையம் இருக்கிறது, ஜியோ குரூப் என்ற கம்பெனி நடத்துவது, 1,575 பேரை வைக்கலாம். சமையல், துணி துவைப்பது, தரை துடைப்பது எல்லாம் உள்ளே அடைத்து வைக்கப்பட்டவர்களே செய்தார்கள். கூலி, நாள் ஒன்றுக்கு 1 டாலர். மணிக்கு இல்லை, நாளுக்கு. 2017ல் அந்த மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11 டாலர். அந்த ஆண்டு மாநில அரசு வழக்குப் போட்டது. 2021ல் ஜூரி, முன்னாள் கைதிகளுக்கு 1 கோடியே 73 லட்சம் டாலர் பாக்கி கொடுக்க வேண்டும் என்றது, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. இந்த வழக்கு பிரமிளாவுடையது இல்லை, மையமும் அவர் தொகுதியில் இல்லை. ஆனால் 2017ல் பக்கத்துத் தொகுதி உறுப்பினர் ஆடம் ஸ்மித்தோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த மசோதா எதிலிருந்து புறப்பட்டது என்று புரிய இது வேண்டும். தனியார் காவல் மையங்களைப் படிப்படியாக மூட வேண்டும், யாரையும் கட்டாயமாக அடைத்து வைக்கக்கூடாது, சொல்லாமல் கொள்ளாமல் போய் ஆய்வு செய்ய வேண்டும் என்பது அந்த மசோதா. ஒவ்வொரு சபைக் காலத்திலும் திரும்பத் திரும்பத் தாக்கலாகிறது, திரும்பத் திரும்பக் கமிட்டியிலேயே கிடக்கிறது.

இவருக்கு இந்த வேலை பதவியோடு வந்தது இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சியாட்டிலில் முஸ்லிம்களும் சீக்கியர்களும் அடி வாங்க ஆரம்பித்த சில வாரங்களில், வெறுப்பற்ற பகுதி என்று பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். தலைப்பாகை கட்டிய ஆளைப் பார்த்தாலே பயங்கரவாதி என்று கத்திய காலம். அந்த நவம்பரில், சோமாலியர்கள் ஊருக்குப் பணம் அனுப்பும் கடை ஒன்றில் மத்திய அதிகாரிகள் சோதனை போட்டு, அதோடு ஒட்டியிருந்த மளிகைக் கடையின் சரக்கையும் அள்ளிக்கொண்டு போனார்கள். பணம் அனுப்பியது ஒருவர், அரிசி பருப்பு பறிபோனது இன்னொருவருக்கு.

2002 கடைசியில், அரசாங்கமே இல்லாத சோமாலியாவுக்கு ஆட்களை நாடுகடத்தக் கூடாது என்று இந்த அமைப்பு சியாட்டிலில் வழக்குக்குப் பின்னால் நின்றது. வாங்கிக்கொள்ள அங்கே ஓர் அரசு இருந்தால்தானே திருப்பி அனுப்ப முடியும் என்பது வாதம். மாவட்ட நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு நாடு முழுவதும் தடை போட்டது. 4,000க்கும் மேற்பட்ட சோமாலியர்கள் தப்பினார்கள் என்பது பிரமிளா தரப்புக் கணக்கு. ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். 2005 ஜனவரியில் வேறொரு சோமாலியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெற்றுக்கொள்ளும் நாட்டின் சம்மதம் தேவையில்லை என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தப் பாதுகாப்பு அத்தோடு போயிற்று. மிஞ்சியது இரண்டு ஆண்டு. நாடுகடத்தலுக்காகக் காத்திருப்பவருக்கு இரண்டு ஆண்டு சின்ன விஷயமில்லை, வக்கீல் தேடலாம், கல்யாணம் நடக்கலாம், வேறு மனு போடலாம்.

பிரமிளாவுக்கே இந்தக் கெடுபிடி தெரியும். தொண்ணூறுகளில் இந்தியாவில் தங்கியிருந்தபோது குழந்தை குறைமாதத்தில் பிறந்ததால் குறித்த நேரத்தில் திரும்ப முடியாமல், கிரீன் கார்டு சிக்கலில் மாட்டியது. 2000ல்தான் குடியுரிமை கிடைத்தது.

பதவியேற்ற மாதமே, 2017 ஜனவரி 28, ஏழு முஸ்லிம் நாட்டுக்காரர்கள் வரக்கூடாது என்ற தடை வந்த மறுநாள், சீடாக் விமான நிலையத்தில் போய் நின்றார். மாநில ஆளுநரும் வந்திருந்தார். திருப்பி அனுப்பப்பட இருந்த இருவருக்கு அன்றிரவே நீதிபதி தடையாணை கொடுத்தார். 2018 ஜூன் 28ல் வாஷிங்டனில் செனட் அலுவலகக் கட்டடத்தில் தரையில் உட்கார்ந்து கைதான சுமார் 575 பெண்களில் இவரும் ஒருவர். எல்லைக் காவலில் பிள்ளைகளுக்குத் தருகிற வெள்ளித்தாள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இங்கேதான் எனக்கு அவரோடு ஒரு மனத்தாங்கல். அதே சூட்டில், குடியேற்ற அமலாக்கத் துறையான ஐஸையே கலைக்க வேண்டும் என்று இன்னும் இருவரோடு சேர்ந்து மசோதா கொண்டுவந்தார். குடியரசுக் கட்சித் தலைவர்கள் கெட்டிக்காரர்கள், சரி, உடனே வாக்கெடுப்புக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். கொண்டுவந்தவர்களே எதிர்த்து வாக்களிப்போம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இது அரசியல் நாடகம், விவாதிக்க நேரம் தராமல் மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று அவர்கள் விளக்கம் சொன்னார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் வாக்குக்கு வந்தால் ஆதரிக்க முடியாத மசோதாவை ஏன் தாக்கல் செய்ய வேண்டும்? கோஷத்துக்கு இருக்கிற இடம் தெரு. மசோதாவின் அடியில் கையெழுத்துப் போட்டால், நாளைக்கே வாக்கெடுப்பு என்றாலும் நிற்க வேண்டும்.

டெல்லி கோபம் என்றேனே, அது 2019. காஷ்மீரில் தொலைத்தொடர்பை முடக்கி ஆட்களைக் காவலில் வைத்திருந்த நேரம். கட்டுப்பாடுகளை நீக்குங்கள் என்று இந்தியாவைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தை அந்த டிசம்பரில், ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினரோடு சேர்ந்து தாக்கல் செய்தார். வாஷிங்டன் போயிருந்த நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், சபையின் வெளியுறவுக் குழுவைச் சந்திக்கும்போது இவர் அங்கே இருக்கக் கூடாது என்று கேட்டு, குழு ஒப்புக்கொள்ளாததால் சந்திப்பையே ரத்து செய்தார். தமிழ்க் குடும்பத்து அமைச்சர், சென்னையில் பிறந்த உறுப்பினர், சந்திப்பு வாஷிங்டனில். தீர்மானத்தில் இந்தியாவுக்கு நியாயம் செய்யவில்லை என்பது அமைச்சர் கருத்து, அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், டகோமாவில் காவல் மையத்தைக் கேள்வி கேட்பவர் ஸ்ரீநகர் என்றதும் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கடைசியாக, உள்ளே போகும் உரிமைக்கு வருகிறேன். 2018 அனுபவத்துக்குப் பிறகு, ஐஸ் அடங்கிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு சின்னப் பிரிவைச் சேர்த்தார்கள். ஆட்களை அடைத்து வைக்கும் இடத்துக்குள் மேற்பார்வைக்காக வரும் சபை உறுப்பினரைத் தடுக்க இந்தப் பணத்தைச் செலவு செய்யக் கூடாது, உறுப்பினர் முன்கூட்டியே சொல்லிவிட்டு வர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆண்டுதோறும் பட்ஜெட்டோடு சேர்ந்து வந்த பிரிவு இது. 2025 ஜூனில் டிரம்பின் இரண்டாவது அரசு, 72 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டு வாருங்கள் என்றது. மூன்று நாள் அவகாசம் கொடுத்தால் எந்த விடுதியும் சுத்தமாகிவிடும், நம் ஊரில் அமைச்சர் வருகிற சாலையைப் பார்க்கிறோமே. 12 உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள், டிசம்பரில் நீதிபதி ஜியா காப் அந்த விதியை நிறுத்திவைத்தார். இழுபறி அதோடு முடியவில்லை. காவலில் இருப்பவர்கள் எண்ணிக்கை அந்த ஆண்டில் 60,000ஐத் தாண்டியிருந்தது, ஜூலையில் நிறைவேறிய பட்ஜெட் சட்டத்தில் காவல் மையங்களுக்கு மட்டும் 4,500 கோடி டாலர் ஒதுக்கியிருந்தார்கள்.

பிரமிளா இப்போது குடியேற்றத் துணைக் கமிட்டியில் சிறுபான்மைத் தரப்பின், அதாவது சபையில் உறுப்பினர் குறைவாக உள்ள கட்சியின், மூத்த உறுப்பினர். சிறுபான்மை என்றால் விசாரணைக்குத் தேதி குறிக்கும் அதிகாரமோ அதிகாரிக்குச் சம்மன் அனுப்பும் அதிகாரமோ கிடையாது. அதனால் 2025ல் அவரே நிழல் விசாரணை என்று சிலவற்றை நடத்தினார். அரசு தரப்பிலிருந்து யாரும் பதில் சொல்ல வரமாட்டார்கள், யாரையும் வரவழைக்கவும் முடியாது. வருபவர்கள் வக்கீல்களும் பாதிக்கப்பட்டவர்களும்தான், அவர்கள் சொல்வது ஒலிவாங்கியில் பதிவாகிறது. அடுத்த தேர்தலில் சபை கைமாறினால் அதே பதிவுகளை மேசையில் வைத்துக்கொண்டு, அதே கேள்விகளை இந்த முறை சம்மனோடு கேட்கலாம் என்பது கணக்கு.

எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நன்றி, வணக்கம்.