பைக் சாவியை ஒளித்து வைத்தவன்

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர் பேசி முடித்ததும் விழுந்த விசிலைக் கேட்டு எனக்குப் பொறாமைதான். நட்பில் நம்பிக்கை என்றால் என்ன என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே சினிமாதான் என்றார். நாடோடிகள், தளபதி, மஞ்ஞும்மல் பாய்ஸ் என மூன்று சாட்சிகளைக் கூண்டில் ஏற்றினார். சரி, அதே சாட்சிகளை நானும் விசாரிக்கிறேன். சினிமா சொல்லிக்கொடுத்தது வீம்பை என்பதுதான் எங்கள் கட்சி.

2009இல் வந்த நாடோடிகள். நண்பனின் காதலுக்காகப் பெண்ணைத் தூக்கக் கிளம்புகிறார்கள். ஒருவனுக்குக் கால் போகிறது, ஒருவனுக்குக் காது போகிறது. சேர்த்துவைத்த ஜோடியோ கொஞ்ச நாளில் பிரிந்துவிடுகிறது. படமே அதற்காகக் கொதிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொதிப்பெல்லாம் பிரிந்த ஜோடி மேல்தான். முன்பின் யோசிக்காமல் வண்டியேறிய அவசரத்தின் மேல் இல்லை. நான் பார்த்த தியேட்டரில் கைதட்டல் விழுந்ததும் அந்தக் கடத்தலுக்குத்தான்.

அடுத்து தளபதி, 1991. கர்ணன், துரியோதனன் நட்பை எடுத்துக்கொண்ட படம். அந்த நட்பில் தமிழர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற இடம் எது? சொக்கட்டான் ஆட்டத்தில் துரியோதனன் மனைவியின் மேகலை அறுந்து முத்தெல்லாம் தரையில் சிதறிக் கிடக்கிறது. கர்ணன் கை நடுங்குகிறது. உள்ளே வந்த கணவன் கேட்டது, ‘எடுக்கவோ, கோக்கவோ?’ சந்தேகப்பட எல்லாம் இருந்தும் சந்தேகம் வராத அந்த ஒரு நொடிதானய்யா நம்பிக்கை! தளபதியில் செஞ்சோற்றுக்கடன் இருக்கிறது, வெட்டும் குத்தும் இருக்கிறது. முத்து மட்டும் இல்லை.

நம்மால் முடியாது என்று நான் சொல்லவில்லை. 1990லேயே புது வசந்தம் வந்தது. நான்கு இளைஞர்களோடு ஒரே வீட்டில் ஒரு பெண். காதலன் திரும்பிவந்து அவளைச் சந்தேகப்பட்டபோது, அப்படிப்பட்டவன் வேண்டாம் என்று அவள் நண்பர்கள் பக்கமே நின்றாள். அந்தப் பாதையில் அப்புறம் எத்தனை பேர் நடந்தார்கள்? பெண்ணும் பெண்ணும் கொள்ளும் நட்பைக் கேட்கவே வேண்டாம். கதாநாயகியின் தோழிக்குக் கடிதம் கொடுக்கிற வேலைதான்.

மஞ்ஞும்மல் பாய்ஸ் மட்டும் என்னை மடக்கிவிட்டது. குணா குகைக் குழியில் விழுந்தவனைத் தேடி ஒருத்தன் கயிற்றில் இறங்குகிறான். முன்பு வடம் இழுக்கும் போட்டியில் நின்ற அதே பயல்கள் மேலே நின்று இழுக்கிறார்கள். அந்தக் கயிறு நம்பிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, 2006இல் சம்பவம் நடந்தது நம்ம கொடைக்கானலில், 2024இல் படமாக்கியது மலையாளத்தார்! நம் ஆட்கள் அதே குகையில் காதல் பாட்டு எடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்கள்.

என் கல்லூரி விடுதியில் ஒருநாள் ராத்திரி அடிதடிக்குக் கிளம்பினோம். பார்த்த படமெல்லாம் ரத்தத்தில் ஓடியது. என் அறைத்தோழன் மட்டும் பைக் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். “தப்பு உன் மேலதான் மச்சான், நான் வரமாட்டேன், உன்னையும் விடமாட்டேன்” என்றான். துரோகி என்று திட்டினேன். காலையில் மெஸ்ஸில் எனக்கும் சேர்த்து இரண்டு தோசை வாங்கி மூடி வைத்திருந்தான்.

திரையில் அவன் வந்தால் பயந்தாங்கொள்ளி, இல்லையென்றால் காமெடியன். அவனை நாயகனாக வைத்த படம் ஒன்று, ஒன்றே ஒன்று, அடுத்துப் பேசவரும் எதிரணித் தோழர் சொல்லட்டும். நான் உட்காருகிறேன்.