முடி மருந்தும் தலையணையும்

வணக்கம். மருந்துக் கடையில் மருந்தாளுநராக எனக்கு 20 வருட அனுபவம். முடி கொட்டுவதற்குத் தலையில் தடவுகிற மருந்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டதும், போன மாதம் கடைக்கு வந்த ஒரு தம்பிதான் ஞாபகத்துக்கு வந்தார்.

தொப்பியைக் கழற்றிக் குனிந்து காட்டினார். உச்சந்தலை முழுக்க மாவு தூவியது போல வெள்ளைச் செதில், நடுவே சிவந்த திட்டு, அதன்மேல் சொறிந்த நகக்கீறல். "பொடுகு ஷாம்பு குடுங்கக்கா" என்றார். வேறு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டபோது பையிலிருந்து, முடி வளரத் தடவுகிற மருந்தான 5 சதவீத மினாக்ஸிடில் பாட்டிலை எடுத்தார். ஒரு வேளைக்கு 1 மில்லி, நாளைக்கு இரண்டு வேளை என்று 60 மில்லி ஒரு மாதம் வரவேண்டும், இவருக்கு பன்னிரண்டே நாளில் தீர்ந்திருந்தது. நல்லெண்ணெய் மாதிரி தலை முழுக்கத் தேய்த்து, அப்படியே படுத்துவிடுகிறாராம்.

அது பொடுகு இல்லை. பெரும்பாலும் இந்த அரிப்பு மினாக்ஸிடிலால் வருவதைவிட, அதைக் கரைக்கச் சேர்க்கிற புரோப்பிலீன் கிளைக்காலால் வருவதுதான் அதிகம். நுரையாக வருகிற வகையில் பொதுவாக அது இருக்காது.

இந்த மருந்தின் பூர்வீகமே இரத்த அழுத்தம். 1979-இல் அமெரிக்காவில் மாத்திரையாக வந்தது, சாப்பிட்டவர்களுக்குக் கையிலும் முகத்திலும் முடி வளர்ந்ததால் தலைக்குத் தடவுகிற மருந்தாக 1988-இல் அனுமதி கிடைத்தது. இரத்தக் குழாயை விரிக்கிற குணம் இன்னும் அதற்குள் இருக்கிறது. அளவாகத் தடவினால் உடம்புக்குள் போவது கொஞ்சம்தான். ஆனால் புண்ணான தலையில் இரண்டு மடங்கு தேய்த்தால் கூடுதலாக இறங்கும். நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம் வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

முதல் சில வாரங்களில் முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம். ஓய்வில் இருந்த பழைய முடி உதிர்ந்து புதுசுக்கு வழி விடுகிறது, இதைப் பார்த்துப் பயந்து நிறைய பேர் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், பாவம்.

பெண்களுக்குக் கன்னத்திலும் நெற்றியோரத்திலும் பூனைமுடி வளர்வது உண்டு. வழிந்த மருந்து, கழுவாத கை, ஈரம் காயாமல் படுத்த தலையணை, எல்லாமே காரணம்தான். தூங்குவதற்கு இரண்டு மணி நேரமாவது முன்பு தடவிவிடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் இதைத் தொடவே வேண்டாம். அப்பா தலையில் தடவிய மருந்து பட்டு, கைக்குழந்தையின் உடம்பில் முடி வளர்ந்த சம்பவங்கள் ஐரோப்பாவில் பதிவாகியிருக்கின்றன. குழந்தை அப்பா தலையைப் பிடித்து விளையாடும், அந்தக் கையை வாயில் வைக்கும், யார் கவனிக்கப் போகிறார்கள்? வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம், துளி நக்கினாலும் அதற்கு விஷம்.

அப்புறம், இப்போது மினாக்ஸிடிலோடு, முடி கொட்டுவதற்கான இன்னொரு மருந்தான ஃபினாஸ்டரைடும் கலந்து ஒரே பாட்டிலில் விற்கிறார்கள். லேபிளைப் படியுங்கள். தடவுகிற ஃபினாஸ்டரைடைக் கலந்து தயாரித்து விற்பதைப் பற்றி 2025 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது: மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், ஆண்மைக் குறைவு என்று புகார்கள் வந்திருந்தன. மனசு காரணமில்லாமல் வாடினால், தலையில் தடவுகிற மருந்து என்ன செய்யும் என்று விட்டுவிடாதீர்கள். கர்ப்பிணியின் கையில் ஃபினாஸ்டரைடு பட்டால், வயிற்றில் இருக்கிற ஆண் சிசுவைப் பாதிக்கலாம்.

அந்தத் தம்பியை மருந்தை நிறுத்தச் சொல்லி, தோல் டாக்டரிடம் அனுப்பினேன். புண் ஆறியதும் நுரை எழுதிக் கொடுத்திருக்கிறார். போன வாரம் தொப்பி இல்லாமல் வந்தார், அரிப்பு சுத்தமாகப் போய்விட்டதாம். முடி எப்போது வரும் என்று கேட்டார். நாலு மாதமாவது ஆகும் தம்பி, அளவாகத் தடவுங்கள் என்றேன்.