வலி விரட்டும், கேள்விதான் அழைத்து வரும்

நடுவர் அவர்களுக்கும், இரு அணித் தோழர்களுக்கும், புத்த பூர்ணிமை நாளில் இந்தப் பள்ளி மைதானத்துப் புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அவையோருக்கும் வணக்கம்.

'பௌத்தப் பயிற்சிக்கு மனிதரைப் பெரிதும் அழைத்து வருவது பட்ட வலியா, எழுந்த கேள்வியா?' இதுதான் நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. எனக்கு முன்னால் வலி அணிக்காகப் பேசிய அம்மையார் அவையில் பாதிப் பேரின் கண்களை நனைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார். பின்னாளில் விபாசனா தியான ஆசிரியரான கோயங்காவின் தீராத தலைவலி, காலராவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பர்மிய விவசாயி, ரங்கூனில் கணவரை இழந்த தீபா மா, குழந்தையின் உடலைத் தூக்கிக்கொண்டு அலைந்த கிசா கௌதமி, கடைசியில் தீண்டாமைக் கொடுமை என்று வரிசையாகச் சாட்சிகளை நிறுத்தினார். ஒன்றுகூடப் பொய்யில்லை. அதனால் நான் எடுத்த எடுப்பில் புதிய சாட்சிகளைத் தேடி அலையப் போவதில்லை. அம்மையாரின் சாட்சிகளையே குறுக்கு விசாரணை செய்கிறேன்.

கோயங்காவிலிருந்து தொடங்குகிறேன். 1924இல் மாண்டலேயில் ஒரு மார்வாடி வணிகக் குடும்பத்தில் பிறந்தவர், இளம் வயதிலேயே ரங்கூனில் பெரிய தொழிலதிபர். ஒற்றைத் தலைவலி வந்தால் மார்பின் ஊசி போட்டால்தான் அடங்கும். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் என்று வைத்தியத்துக்காக உலகைச் சுற்றினார். பலனில்லை. நண்பர் ஒருவர் சொல்லி 1955இல் தியான ஆசிரியர் ஊ பா கின்னிடம் போனார். அம்மையார் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டார். அதற்கு மேல் சொன்னால் கட்சி மாறிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

ஊ பா கின் காவி கட்டிய துறவி இல்லை. பர்மிய அரசின் தலைமைக் கணக்காயர். தலைவலிக்காக வந்திருக்கிறேன் என்று கோயங்கா சொன்னதும், அப்படியானால் உங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உடல் நோயைத் தீர்க்க இதைக் கேட்பது தம்மத்தின், அதாவது புத்தர் போதனையின், மதிப்பைக் குறைப்பது. மனத்தைத் தூய்மைப்படுத்த வாருங்கள், அதில் தலைவலி போனால் போகட்டும் என்றார். கணக்கு அதிகாரி அல்லவா, செலவுத் தலைப்பு மாறியிருந்தால் எந்தக் கோப்பையும் ஏற்க மாட்டார்! நடுவர் அவர்களே, வலியைச் சுமந்து வந்த மனிதரை அந்த வலியின் பேரில் உள்ளே விட மறுத்திருக்கிறார்கள். கோயங்காவுக்கும் தயக்கம் இருந்தது. ஆசாரமான இந்து, பௌத்தம் தன் மதத்தைக் கெடுத்துவிடுமோ என்ற பயம். ஒழுக்கம், மன ஒருமை, ஞானம் இந்த மூன்றைத்தான் கற்பிக்கிறேன், இதில் எதற்கு உங்கள் மதத்தில் ஆட்சேபம் என்று ஆசிரியர் கேட்டார். யோசித்துப் பார்த்து, ஆட்சேபம் இல்லை என்று கண்ட பிறகுதான் அவர் போய் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோயங்கா வழிவந்த மையம் ஒன்று சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் இருக்கிறது. நானும் அங்கே இருந்து பார்த்திருக்கிறேன். விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். பேச்சு கிடையாது. கைபேசியை முதலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். முதல் மூன்று நாளும் மூக்கு நுனியில் மூச்சு வந்து போவதைக் கவனிப்பது ஒன்றே வேலை. நான்காம் நாளுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கையை அசைக்காமல், காலை மாற்றாமல், கண்ணைத் திறக்காமல் உட்காரச் சொல்வார்கள். வலி தீர வேண்டும் என்று வந்தவருக்கு அங்கே முதலில் கிடைக்கும் பிரசாதம் முழங்கால் வலி! அரை மணி நேரத்தில் முழங்கால் முணுமுணுக்கும். முக்கால் மணி நேரத்தில் கத்தும். வலிக்குப் பயந்து வந்தவராக இருந்தால் அந்த இடத்தில் எழுந்து போய்விட மாட்டாரா?

சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும். அந்தக் குழாயடியில் எனக்கு முன்னால் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவரைப் போல ஒருவர் நிற்பார். தட்டின் விளிம்பை எப்படித் தேய்ப்பது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். எனக்குப் பின்னால் ஓர் ஆட்டோ ஓட்டுநர். பத்தாம் நாள் பேச அனுமதி கிடைத்ததும் எல்லோரும் அணை உடைந்ததுபோல் பேசினோம். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் வலியைத்தான் சொன்னார்கள். தூக்கமில்லை, கடன், மகனோடு பேச்சுவார்த்தை இல்லை. இதை நான் மறைக்கவில்லை, அம்மையார் குறித்துக்கொள்ளலாம். ஏன் பாதியில் ஓடவில்லை என்று கேட்டபோதுதான் பதில் மாறியது. ஆட்டோ ஓட்டுநர் சொன்னார்: "எனக்குக் கோபம் வயிற்றில் தொடங்குகிறதா, நெஞ்சில் தொடங்குகிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன் சார். அது தெரியாமல் எப்படிப் போவது?" எங்கள் அணியில் இன்று ஓர் இடம் காலியாக இருந்திருந்தால் அவரைத்தான் அழைத்து வந்திருப்பேன்.

அடுத்த சாட்சி காலராவில் பிள்ளைகளை இழந்த விவசாயி. சயா தெட்ஜி. ஊ பா கின்னுக்கே ஆசிரியர் அவர். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரங்கூனுக்கு ஆற்றின் மறுகரையில் இருந்த அவருடைய கிராமத்தில் காலரா புகுந்தது. மகனும் மகளும் போனார்கள். மரணமற்ற நிலை என்று ஒன்று உண்டா என்று தேடிக் கிளம்பிவிட்டார். சரி. காலரா அவர் வீட்டை மட்டும் விசாரித்துக்கொண்டு வந்ததா? ஊருக்கே வந்தது. எத்தனை வீட்டில் ஒப்பாரி கேட்டிருக்கும்! கிளம்பியவர் அவரும், உடன் போன ஒரு தோழரும். வலிதான் அழைத்து வருகிறது என்றால் அன்று கிராமமே காலியாகியிருக்க வேண்டாமா?

தீபா மா. சிட்டகாங்கில் 1911இல் பிறந்து, பன்னிரண்டு வயதில் மணமாகி, கணவரோடு ரங்கூனில் குடியேறியவர். குழந்தைகள் இருவரை இழந்தார். 1957இல் கணவரும் போனார். இதய நோய் வேறு. அதற்குப் பிறகு தியான மையத்துக்குப் போனார், தவழ்ந்து படியேறியதாகச் சொல்வார்கள். அம்மையார் சொன்னபோது நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் கணவர் உயிரோடு இருந்த நாளிலேயே தியானம் கற்க வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். வயதான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணவர் தள்ளிவைத்தார். ஆகவே ஆசை பழையது. துக்கம் பின்னால் வந்தது. நம் வீடுகளில் பெண்கள் எதைக் கேட்டாலும் 'பிறகு பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு, பிறகு அவர்கள் தாமாகப் போனால் 'பாவம், துக்கத்தில் போய்விட்டாள்' என்று எழுதுவது எவ்வளவு வசதியாக இருக்கிறது!

கிசா கௌதமியைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்த கதை. மருந்து கேட்டு வந்த தாயிடம் புத்தர் சாவு விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொன்னார். தலையைத் தடவி ஆறுதல் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய் விசாரிக்கும் வேலையைக் கொடுத்தார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி. பதிலைச் சேர்த்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோதுதான் துறவியர் சங்கத்தில் இடம் கேட்டாள். அழுதுகொண்டு வந்தவள் விசாரித்துவிட்டுச் சேர்ந்தாள், நடுவர் அவர்களே.

வலி கையில் இருந்தும் வராதவர்களைப் பற்றியும் பேச வேண்டும். ஐயா கேமா என்ற பெண் துறவி பெர்லினில் 1923இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளுக்குத் தப்பி 1938இல் ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டார். பிறகு ஷாங்காயில் பெற்றோரோடு சேர்ந்தார். அங்கே ஜப்பானியர் அடைத்து வைத்த முகாமிலேயே தந்தை இறந்தார். ஒரு மனிதருக்கு இதைவிட என்ன வலி வேண்டும்? அம்மையார் கணக்குப்படி அவர் 1945இலேயே சீவர ஆடை உடுத்தியிருக்க வேண்டும். அவர் இலங்கையில் துறவேற்றது 1979இல். இடையில் அமெரிக்காவில் குடும்பம், வீடு, வசதி எல்லாம் அமைந்தன. எல்லாம் அமைந்த பிறகுதான் இவ்வளவுதானா வாழ்க்கை என்ற கேள்வி குடைந்தது. அவருக்குத் தியானத்தின் முதல் பாடம் கிடைத்த இடம் நமக்குப் பக்கத்தில்தான்: புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமம், அன்னையிடம்.

துறவியான பின் இலங்கையில் தொடந்துவைக்கு அருகே உப்பங்கழித் தீவு ஒன்றில் பெண் துறவியருக்காக அவர் மடம் அமைத்தார். அதே கழியில் இன்னொரு தீவில் 1911இல் ஆண்களுக்கான ஆசிரமத்தைத் தொடங்கியவர் ஞானதிலோக தேரர். அவரும் ஜெர்மானியர், வயலின் கலைஞர். அவருக்கு என்ன வலி? பிராங்பர்ட்டில் ஒரு சைவ உணவகத்தில் பௌத்தம் பற்றி நடந்த சொற்பொழிவைக் கேட்டார், அவ்வளவுதான். வழியெல்லாம் வயலின் வாசித்துச் சம்பாதித்துக்கொண்டு கிழக்கே வந்து, 1904இல் ரங்கூனில் முழுத் துறவேற்றார். பிறகு இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மானியர் என்பதற்காகவே பிரிட்டிஷார் பிடித்துக் காவலில் வைத்தார்கள். இரண்டாவது முறை டேராடூன் முகாம் வரை கொண்டு போனார்கள். வலி அவரைப் பௌத்தத்துக்கு அழைத்து வரவில்லை. பௌத்தத்துக்கு வந்த பிறகு வலிதான் அவரைத் தேடித் தேடி வந்தது!

நான்கு வாய்மைகளில் முதல் வாய்மையே துன்பம்தானே என்று எதிரணித் தோழர் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மை. மீதி மூன்று? துன்பத்துக்குக் காரணம் என்ன, அது நீங்குமா, எப்படி நீங்கும்? நான்கில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றை எங்களுக்கு விட்டுவிடுங்கள். பங்கு சரியாகத்தான் இருக்கிறது.

இப்போது அம்மையார் கடைசியாக வைத்த, எடையில் முதலாவதான சாட்சி: தீண்டாமை. இங்கே கேலிக்கு இடமில்லை. அந்த வலியைக் குறைத்துப் பேசினால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் வலி ஒரு மனிதரைத் தான் பிறந்த வீட்டை விட்டு வெளியே தள்ளும். தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அது சொல்லாது.

நம் அயோத்திதாசரையே பாருங்கள். 1845இல் பிறந்த சித்த வைத்தியர். நீலகிரியில் இருந்தபோது அவர் முதலில் அமைத்தது அத்வைதானந்த சபை. அதே வலியோடு அத்வைதத்துக்குத்தான் முதலில் போனார். 1892இல் சென்னையில் மகாஜன சபைக் கூட்டத்தில், எங்கள் மக்களை ஏன் விஷ்ணு கோயிலுக்குள் விடக்கூடாது என்று கேட்டார். சிவனும் விஷ்ணுவும் உங்கள் குலத்துக்கு உரியவர்கள் அல்லர், உங்களுக்குத்தான் காத்தவராயனும் கருப்பண்ணசாமியும் இருக்கிறார்களே என்று பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் எங்களுக்கு நிலமும் கொடுங்கள் என்று அதே கூட்டத்தில் திருப்பிக் கொடுத்தார். அடி வாங்கியவர் அழவில்லை. பழைய இலக்கியங்களையும் சுவடிகளையும் பிரித்து வைத்துக்கொண்டு, எங்களை யார், எப்போது, ஏன் தாழ்த்தினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். அந்த வழியில்தான் 1898இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று, அங்கிருந்த பௌத்தத் துறவி சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது. கோலார் தங்க வயலில் சுரங்கத்தில் உழைத்தவர்கள்கூடக் கிளை அமைத்தார்கள். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழும் வந்தது.

அம்பேத்கருக்கு வருகிறேன். 1935 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். வெளியேறுவது அன்றே முடிவாகிவிட்டது. எங்கே போவது என்பது முடிவாகவில்லை. அடுத்த ஆண்டு மும்பையில், தாம் பிறந்த மகர் சமூகத்தின் மாநாட்டில் அந்தக் கேள்வியை மக்கள் முன்னாலேயே வைத்து நீண்ட நேரம் வாதாடினார். உனக்கு நீயே விளக்காக இரு என்று புத்தர் ஆனந்தரிடம் சொன்னதை நினைவூட்டித்தான் அந்த உரையை முடித்தார். 1956இல் அவரோடு பௌத்தம் ஏற்க நாக்பூரில் திரண்ட லட்சக்கணக்கான மக்கள் எல்லோரும் ஆராய்ந்தா வந்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் அணியை மடக்கக் கூடிய கேள்வி அது ஒன்றுதான். என் பதில் இது: இருபது ஆண்டு மேடைக்கு மேடை வாதிக்கப்பட்டதைக் கேட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு இருபத்திரண்டு உறுதிமொழிகள் ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டன.

1950இல் மகாபோதி இதழில் அவர் எழுதிய கட்டுரையில் மதத்துக்கே தேர்வு வைக்கிறார்: அறிவுக்கு ஒத்துவருகிறதா, சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவத்தை ஏற்கிறதா, வறுமையைப் புனிதமாக்காமல் இருக்கிறதா. புத்தரையும் அவர் சும்மா விடவில்லை. முதியவர், நோயாளி, பிணம், துறவி என்ற நான்கு காட்சிகளைக் கண்டு சித்தார்த்தன் வெளியேறினான் என்ற கதையைத் தம் கடைசி நூலில் ஏற்க மறுத்தார். இருபத்தொன்பது வயதுவரை ஒரு கிழவரைக்கூடப் பார்க்காமல் ஒருவன் இருந்திருப்பானா என்று கேட்டார். சித்தார்த்தனின் குலமான சாக்கியருக்கும் அண்டைக் குலமான கோலியருக்கும் ரோகிணி ஆற்று நீரில் எழுந்த தகராறைக் காரணமாக வைத்தார். சேரப்போகும் வீட்டின் அஸ்திவாரத்தையே தட்டிப் பார்த்த மனிதர்!

நடுவர் மணி அடித்துவிட்டார், இதோ முடிக்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணிப் பேராசிரியர் ஐயாவுக்கு ஒரே ஒரு கேள்வி. 1936இல் சீக்கியத்தை அம்பேத்கர் மிகத் தீவிரமாகப் பரிசீலித்தார். அங்கே கதவு திறந்தே இருந்தது. வலி அன்றைக்கு ஒரு துளியும் குறைந்திருக்கவில்லை. வலிதான் அழைத்து வருகிறது என்றால், 1956 அக்டோபர் 14 வரை அவர் எதற்காகக் காத்திருந்தார்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள், ஐயா. நன்றி, வணக்கம்.